டவுன்டைம் பூஜ்யம்: ஒரு ஆர்.ஓ.வி. பைலட்டின் சம்பளம் கரைந்த கதை

2013-ல் ஒரு இரவு ஷிப்ட். 1,400 மீட்டர் ஆழத்தில், கடலடி எண்ணெய்க் கிணற்றின் தலைப்பகுதியில் இருக்கும் பலகையில் ஹாட் ஸ்டாப்பைச் செருக வேண்டும். ஹாட் ஸ்டாப்பில் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. ஹைட்ராலிக் எண்ணெயை உள்ளே செலுத்துவதற்கான ஓர் எஃகுச் செருகி, அவ்வளவுதான். பலகையில் அதற்கென்று ஒரு துளை இருக்கும். செருகி உள்ளே போய்விட்டால் வால்வைத் திறந்து மூடிப் பார்க்கலாம், அழுத்தம் ஏற்றிச் சோதிக்கலாம். போகவில்லை என்றால் மேலே கப்பலும் அதிலுள்ள அத்தனை பேரும் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

அன்று கப்பல் தளத்தில் இருந்த கன்ட்ரோல் வேனில் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்திருந்தவரை நாங்கள் 'மெக்கானிக்' என்றுதான் கூப்பிடுவோம். ஆர்.ஓ.வி. எனப்படும், மேலிருந்து கேபிள் வழியாக இயக்கும் நீரடி ரோபோவை ஓட்ட வருவதற்கு முன் பதினைந்து வருடம் கப்பல் கிரேன்களின் ஹைட்ராலிக்கைப் பிரித்து மாட்டியவர். அந்த ஷிப்டுக்கு நான் சூப்பர்வைசர். வயதில் அவரைவிட ஒன்பது வருடம் சின்னவன். இந்த ஆய்வு அவருடைய சம்பளத்தைப் பற்றியது. நிறுவனத்தின் பெயர், கப்பலின் பெயர், அவருடைய பெயர் எதுவும் வேண்டாம். 2013-லிருந்து 2023 வரை அவருக்கு நடந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அதில் சிலவற்றைச் செய்ததே நான்தான் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த இரவில் நடந்தது

கனரக வேலைக்கான ஆர்.ஓ.வி. என்பது ஒரு சின்ன வேன் அளவுக்கு இருக்கும். எடை மூன்று, நான்கு டன். முன்பக்கம் இரண்டு கை. ஒரு கை ஏழு அசைவு கொண்டது. மேலே பைலட் ஒரு குட்டிக் கையை எப்படி அசைக்கிறாரோ அப்படியே கீழே அதுவும் அசையும். நுணுக்கமான வேலையெல்லாம் அதற்குத்தான். இன்னொரு கை ஐந்து அசைவு. பட்டனை அழுத்தினால் போகும், விட்டால் நிற்கும். எதையாவது கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வண்டியை நிலையாக நிறுத்துவதற்கு அது. கடலடியில் நீரோட்டம் தள்ளும்போது இந்த முரட்டுக் கை ஒரு கம்பியைப் பிடித்துக்கொள்ளும், நளினமான கை வேலை பார்க்கும். பாடம் இதுதான்.

வேலை தொடங்கி ஒரு மணி நேரம் இருக்கும். மெக்கானிக் திடீரென்று கையை நிறுத்தினார். திரையின் ஓரத்தில் ஒரு எண்ணைக் காட்டினார். வண்டியின் ஹைட்ராலிக் எண்ணெய் இருப்பைக் காட்டும் காம்பன்சேட்டர் அளவு 70 சதவீதத்திலிருந்து 64-க்கு வந்திருந்தது. எச்சரிக்கை மணி அடிக்கும் அளவுக்கு இன்னும் வெகுதூரம் இருந்தது. நான் அதைக் கவனிக்கவே இல்லை. எண்ணெய் போனால் அந்த இடத்தில் கடல்நீர் புகும். புகுந்தால் பம்ப், வால்வு எல்லாம் காலி. வழக்கமான முடிவு, வண்டியை மேலே எடுப்பது. நானும் அதைத்தான் சொல்ல வாய் திறந்தேன்.

"இருங்கள், இது ஒரே சீராக இறங்கவில்லை. படிப்படியாக இறங்குகிறது" என்றார். பதிவான வரைகோட்டைப் பின்னோக்கி ஓட்டினோம். உண்மைதான்: சில நிமிடம் சமமாகப் போகும், ஒரு பள்ளம், திரும்பவும் சமம். ஒவ்வொரு பள்ளமும் ஏழு அசைவுக் கையின் மணிக்கட்டைச் சுழற்றிய நேரத்தோடு பொருந்தியது. கேமராவைத் திருப்பி மணிக்கட்டைப் பெரிதாக்கி, மெல்ல ஒரு சுற்று சுழற்றினார். விளக்கொளியில் மயிரிழை போல ஒரு கோடு மேலே எழும்பி நெளிந்தது. எண்ணெய்.

அப்புறம் அவர் செய்ததை அந்த வேனில் வேறு யாரும் செய்திருக்க முடியாது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஹாட் ஸ்டாப்பை முன்னால் இருந்த கூடையில் அதன் உறையிலேயே திரும்ப வைத்தார். நளினமான கையை மடக்கி, அதற்குப் போகும் ஹைட்ராலிக் வழியை மேலிருந்தே அடைத்தார். எண்ணெய் அளவு அப்படியே நின்றது. பிறகு முரட்டுக் கையால் ஹாட் ஸ்டாப்பை எடுத்தார். இப்போது வண்டியைப் பிடித்து நிறுத்தக் கையே இல்லை. நீரோட்டத்தில் வண்டியைத் திரஸ்டர் எனும் உந்துவிசிறிகளாலேயே நிறுத்திக்கொண்டு, கையை அசைக்காமல் வண்டியோடு சேர்த்தே செருகியைத் துளைக்குள் கொண்டுபோனார். முதல் இரண்டு முறை விளிம்பில் இடித்தது. அடுத்து கொஞ்ச நேரம் எதுவும் செய்யாமல் நீரோட்டம் எப்படித் தள்ளுகிறது, எப்போது தணிகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது முறை போய் உட்கார்ந்தது. வேனில் யாரும் கைதட்டவில்லை. கீழே அழுத்தம் ஏறுவதைச் சோதனைக்காரர்கள் படிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

திரும்பும்போது இன்னொன்று. வண்டி வலப்பக்கமாக இரண்டரைச் சுற்று சுற்றியிருந்ததை மானி காட்டியது. அதாவது பின்னால் வரும் டெதர் கேபிள் முறுக்கிக் கிடக்கிறது. போன வழியிலேயே, கேபிளைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, முறுக்கை அவிழ்த்தபடி வந்தார். இது எல்லா பைலட்டுக்கும் சொல்லித்தரும் பாடம்தான், அவசரத்தில் முதலில் மறப்பதும் இதுதான். இந்தத் தொழிலின் ஆதிக் கதைகளில் ஒன்றே சிக்கல் கதை: 1966-ல் ஸ்பெயினின் பாலோமாரெஸ் அருகே கடலில் விழுந்த ஹைட்ரஜன் குண்டை எடுக்கப்போன அமெரிக்கக் கடற்படையின் கர்வ் என்ற ஆளில்லா நீரடி வாகனம் குண்டின் பாராசூட்டிலேயே மாட்டிக்கொண்டது. கடைசியில் இரண்டையும் சேர்த்தே தூக்கினார்கள்.

காலை ஷிப்ட் மாறும்போது பதிவேட்டில் நான் எழுதியது: "வலக்கை மணிக்கட்டில் சிறு எண்ணெய்க் கசிவு, வழி அடைக்கப்பட்டது. பணி முடிந்தது. டவுன்டைம்: 0." டவுன்டைம் என்றால் கோளாறால் வேலை நின்ற நேரம். கப்பல் அடுத்த இடத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தபோது பகல் ஷிப்ட் அந்த மணிக்கட்டின் சீலை மாற்றியது.

அந்தப் பூஜ்யத்தின் விலை

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,400 மீட்டரிலிருந்து வண்டியை மேலே இழுக்க, நிமிடத்துக்கு 35 மீட்டர் என்று வைத்தால், 40 நிமிடம். தளத்தில் ஏற்றி, கையைப் பிரித்து, சீல் மாற்றி, காற்றை வெளியேற்றி, சோதித்து முடிக்க மூன்று மணி நேரம் என்றால் அது வேகமான குழு. மறுபடி இறங்க 40 நிமிடம், கிணற்றைத் தேடிப்போய் நிலைகொள்ள இன்னும் கொஞ்சம். ஆக நாலரை மணி நேரம். அந்த நேரம் முழுக்கக் கப்பலின் வாடகை ஓடும். அந்த வருடங்களில் ஆழ்கடல் துளையிடும் கப்பல்களில் மேல்தட்டில் இருந்தவை நாளுக்கு 6 லட்சம் டாலர்வரை வாடகை பெற்றன. எங்களுடையது அவ்வளவு பெரியதல்ல. இருந்தாலும் அந்த நாலரை மணி நேரத்து வாடகை மெக்கானிக்கின் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம்.

அந்தப் பணம் வாடிக்கையாளருக்கு மிச்சம். எங்கள் நிறுவனத்துக்கு அதில் சல்லிக்காசு வராது. வண்டியும் ஆட்களும் சேர்ந்த தொகுப்புக்கு நாள் வாடகை இவ்வளவு என்பதுதான் ஒப்பந்தம். வண்டி கெட்டு வேலை நின்றால் அந்த நேரத்துக்கு வாடகை வெட்டப்படும். கெடாமல் ஓடினால் அதே வாடகை. ஆகவே பதிவேட்டில் கெட்ட பைலட்டுக்குத்தான் எண் உண்டு. நல்ல பைலட்டுக்கு எப்போதும் பூஜ்யம். கசிவே வராமல் போன அதிர்ஷ்டக்காரனுக்கும் அதே பூஜ்யம்தான்.

சம்பளம் ஏன் விழுந்தது என்று கேட்டால் எல்லோரும் எண்ணெய் விலையைக் காட்டுவார்கள். தப்பில்லை. ஆனால் எண்ணெய் விலை, எப்போது வெட்டினார்கள் என்பதைத்தான் சொல்லும். யாரை வெட்டினார்கள், ஏன் அவ்வளவு சுலபமாக வெட்ட முடிந்தது, விலை திரும்பியபோது ஏன் சம்பளம் திரும்பவில்லை என்பதற்கெல்லாம் விடை அந்தப் பூஜ்யத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

வெட்டு விழுந்த விதம்

2014 ஜூனில் பிரென்ட் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 115 டாலரைத் தொட்டது. 2016 ஜனவரியில் 30-க்குக் கீழே. புதிய கிணறுகள் நின்றன, கப்பல்கள் துறைமுகத்தில் வரிசையாகக் கட்டப்பட்டன.

மெக்கானிக் ஃப்ரீலான்ஸ் ஆள், நாட்கணக்கில் கூலி. 2014-ல் அவர் வாங்கியதை 100 என்று வைத்துக்கொள்வோம். 2015-ல் ஒரு மின்னஞ்சல்: "இன்றைய சந்தைச் சூழலில்" 10 சதவீதம் குறைப்பு. 2016-ல் இன்னொரு மின்னஞ்சல், 15 சதவீதம். 100 என்பது 76.5 ஆயிற்று. வேலை கிடைத்த நாட்கள் வருடத்துக்கு 190-லிருந்து 95 ஆகின. இரண்டையும் பெருக்கினால் 2016-ல் அவர் வீட்டுக்குக் கொண்டுபோனது பழைய வருமானத்தில் 38 சதவீதம்.

நாட்கூலியைத் தொடாமலே சம்பளத்தைக் குறைக்கவும் வழிகள் உண்டு. கப்பலுக்குப் போய்வரும் பயண நாளுக்கு முன்பு பாதிக் கூலி தருவார்கள், அது நின்றது. கப்பல் தாமதமானால் கரையில் காத்திருக்கும் நாட்களுக்குத் தந்ததும் நின்றது. ஹெலிகாப்டர் விபத்தில் தப்பிக்கும் பயிற்சியும் தீயணைப்புப் பயிற்சியும் சேர்ந்த போசியட் சான்றிதழை நான்கு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மருத்துவச் சான்று தனி. முன்பு நிறுவனம் கட்டிய அந்தச் செலவை இனி அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றானது. இவை எதுவும் நாள் வாடகைப் புள்ளிவிவரத்தில் தெரியாது.

இதைவிட நுட்பமான வெட்டு ஒன்று உண்டு: படிநிலை இறக்கம். இத்துறையில் பைலட் டெக்னீஷியன் இரண்டாம் நிலை, முதல் நிலை, அதற்கு மேல் சூப்பர்வைசர், சூப்பரின்டென்டென்ட் என்று படிகள். சரிவுக் காலத்தில் சூப்பர்வைசர்கள் முதல் நிலை வேலைக்கு வந்தார்கள், முதல் நிலை ஆட்கள் இரண்டாம் நிலைக்கு. வாடிக்கையாளருக்குக் கொண்டாட்டம்: கீழ்ப்படி விலையில் மேல்படி ஆள். விலை குறைந்தும் வேலையின் தரம் குறையவில்லை என்று ஏட்டில் பதிவானது. அப்படியென்றால் முன்பு கொடுத்ததுதான் அதிகம் என்று அந்த ஏட்டைப் படித்தவர்கள் முடிவுகட்டினார்கள்.

நான் போட்ட கையெழுத்து

2016 கடைசியில் என்னைக் கரைக்கு வரவழைத்து ஒரு டெண்டருக்கான ஆள் பட்டியல் தயாரிக்கச் சொன்னார்கள். அப்போதுதான் மறுபக்கத்தைப் பார்த்தேன். விலைப் பட்டியலில் வண்டிக்கு ஒரு வரி, கப்பலில் ஏற்றி இறக்கும் செலவுக்கு ஒரு வரி, கருவிகளுக்கு ஒவ்வொன்றாகப் பல வரிகள். ஆட்கள்? "பணியாளர்: 6". அவ்வளவுதான். வால்வைத் திருகும் ஒரு டார்க் டூலுக்கு மாதிரி எண், திறன் அளவு, சோதனைச் சான்றிதழ் தேதி எல்லாம் எழுதியிருந்தோம். மெக்கானிக்குக்கு ஆறில் ஒரு பங்கு.

இரண்டு சதவீதம் குறைத்தால் டெண்டர் கிடைக்கும் என்றார்கள். வண்டியின் கடன் தவணையைக் குறைக்க முடியாது. கேபிள் விலையைக் குறைக்க முடியாது. குறையக்கூடிய ஒரே வரி அதுதான். ஷிப்டுக்கு மூவர் என்று இருந்ததை இருவர் ஆக்கினோம். ஆறு நான்கானது. கையெழுத்துப் போட்டது நான். சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், அன்று எனக்கு அது சாமர்த்தியமாகவே பட்டது. ஒருவர் ஓட்ட, ஒருவர் வின்ச்சைப் பார்க்க, வரைகோட்டைப் பின்னோக்கி ஓட்டிப் பார்க்க யாருக்கு நேரம் இருக்கும் என்று யோசிக்கவில்லை.

ஆட்கள் ஏன் எதிர்க்கவில்லை என்று கேட்பார்கள். டைவர்களோடு ஒப்பிட்டால் புரியும். 2006 நவம்பரில் வட கடல் டைவர்கள் வேலைநிறுத்தம் செய்து பெரிய ஊதிய உயர்வு வாங்கினார்கள். அவர்களுக்குச் சங்கம் இருந்தது, பொது ஒப்பந்தம் இருந்தது. முக்கியமாக, மனிதன் தண்ணீருக்குள் போகிறான் என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. ஆர்.ஓ.வி. ஆட்கள் உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் ஃப்ரீலான்ஸ்காரர்கள். அடுத்த கப்பலுக்கு யார் போகிறார்கள் என்பதில் ஒருவருக்கொருவர் போட்டி. ஏ.சி. அறையில் உட்கார்ந்து ஜாய்ஸ்டிக் அசைப்பவன் என்ற படம் வேறு. அந்தப் படத்தை வரைந்ததில் எங்களுக்கும் பங்குண்டு. வீடியோ கேம் மாதிரிதான் என்று கரையில் பெருமையடித்துக்கொண்டது நாங்கள்தான். ஏற்றக் காலத்தில் சில வாரப் பயிற்சி தந்து சான்றிதழ் கொடுக்கும் பள்ளிகளும் அதையே சொல்லி ஆள் சேர்த்தன. சரிவு வந்தபோது வாசலில் கூட்டம் நின்றது. உண்மையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் வண்டியை ஓட்டுவது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் எண்ணெய், ஸ்பேனர், இணைப்பிகள், உப்பு அரித்த ஒரு பின்னைத் தேடி மல்டிமீட்டரோடு குனிந்து கிடப்பது.

சட்டம் கேட்டது, விலை சொல்லவில்லை

திறமை யாருக்குமே தெரியவில்லை என்றும் சொல்ல முடியாது. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைஸான் என்ற துளையிடும் தளம் வெடித்து 11 பேர் இறந்த பிறகு, 1,500 மீட்டர் ஆழத்தில் கைவைக்க முடிந்தது ஆர்.ஓ.வி.களால் மட்டுமே. கிணற்றை மூடும் பி.ஓ.பி. கருவியின் பலகையில் ஹாட் ஸ்டாப் செருகி அடைக்கப் பார்த்தார்கள். கருவியில் செய்யப்பட்ட மாற்றங்கள் வரைபடத்தில் ஏறியிருக்கவில்லை. ஓர் அடைப்பானுக்கானது என்று நினைத்த துளை வேறொன்றோடு இணைந்திருந்தது. அதில் விலைமதிப்பில்லாத நேரம் போயிற்று. ஜூன் 23 அன்று ஒரு ஆர்.ஓ.வி. மோதியதில் எண்ணெயைப் பிடித்துக்கொண்டிருந்த மூடியையே சில மணி நேரம் கழற்ற வேண்டியதாயிற்று. ஜூலை 15-ல்தான் கசிவு நின்றது. உலகமே ஆர்.ஓ.வி. கேமராக்களின் நேரலையை உட்கார்ந்து பார்த்தது.

அதே வருடம் அக்டோபரில் அமெரிக்க அரசு புது விதிகளைக் கொண்டுவந்தது. கடலடி பி.ஓ.பி. உள்ள ஒவ்வொரு துளையிடும் தளத்திலும் ஆர்.ஓ.வி.யும் பயிற்சி பெற்ற குழுவும் இருந்தாக வேண்டும், பி.ஓ.பி. பலகையில் ஸ்டாப் செருகுவதை சிமுலேட்டரில் பழகியிருக்க வேண்டும். அதாவது மெக்கானிக் அந்த இரவில் செய்த வேலையை ஒரு நாட்டின் சட்டமே பெயர் சொல்லிக் கேட்கிறது. ஏறத்தாழ ஆறு வருடத்தில் அதே வேலைக்கான கூலியை 'சந்தைச் சூழல்' கால்வாசி குறைத்தது. பயிற்சி பெற்றவர் என்றால் சான்றிதழ் உள்ளவர் என்று சட்டம் படிக்கிறது. இரண்டு வாரச் சான்றிதழும் இருபது வருட அனுபவமும் அதன் கண்ணில் ஒன்றுதான்.

சிலர் இதையெல்லாம் தானியங்கி வண்டிகள் மீது போடுகிறார்கள். நார்வேயின் ஸ்டாவாங்கரில் கரையிலிருந்தே ஆர்.ஓ.வி. ஓட்டும் மையம் இருக்கிறது. மாதக்கணக்கில் கடலடியிலேயே தங்கும் வண்டிகளும் வந்துவிட்டன. வேலையின் வடிவம் மாறும், சந்தேகமில்லை. ஆனால் மெக்கானிக்கின் கூலி வெட்டப்பட்ட 2015-லும் 2016-லும் அவருடைய நாற்காலியில் உட்கார எந்த இயந்திரமும் வரவில்லை. குறைந்த கூலிக்கு இன்னொரு மனிதன்தான் வந்தான்.

ஒரு கட்டம் சேர்த்துப் பார்த்தேன்

2017 தொடக்கத்தில் ஒரு யோசனை வந்தது. தினசரி அறிக்கையில் 'தவிர்க்கப்பட்ட நேரம்' என்று புதிதாக ஒரு கட்டம் போட்டேன். வண்டியை மேலே எடுக்காமல் சமாளித்த ஒவ்வொரு முறையும் என்ன கோளாறு, என்ன செய்தோம், எடுத்திருந்தால் எத்தனை மணி நேரம் என்று எழுதினோம். மூன்று வாரத்தில் பதினோரு மணி நேரம் சேர்ந்தது. வாடிக்கையாளரின் பிரதிநிதி தினமும் அறிக்கையில் கையெழுத்திட வேண்டும். நல்ல மனிதர், அவரே பழைய பைலட். முதல் வாரம் சிரித்துக்கொண்டே போட்டார். மூன்றாம் வாரம் பேனாவைக் கீழே வைத்தார்.

"நடக்காததற்கு நான் எப்படிக் கையெழுத்துப் போட முடியும்?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இதற்குப் பணம் என்று வந்தால் ஆளாளுக்கு நடக்காத விபத்துகளை எழுத ஆரம்பிப்பார்கள். கட்டத்தை எடுத்துவிட்டேன். இன்று யோசித்தால், மணிக்கணக்கை விட்டுவிட்டு, என்ன கோளாறு, எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதை மட்டுமாவது தனிக் குறிப்பாக வைத்திருக்க வேண்டும். கோளாறு நடந்தது, அதற்கு அவர் மறுக்காமல் கையெழுத்துப் போட்டிருப்பார். அடுத்த டெண்டரில் 'பணியாளர்: 4' என்ற வரிக்குக் கீழே இணைக்க ஏதாவது இருந்திருக்கும். புதிய பையன்களுக்குப் பாடமாகவும் இருந்திருக்கும்.

அந்த வருடமே மெக்கானிக் போய்விட்டார். சண்டையெல்லாம் இல்லை. அடுத்த பயணத்துக்கு அழைத்தபோது, கரையில் ஒரு கிரேன் பராமரிப்பு வேலை கிடைத்துவிட்டது, சம்பளம் கிட்டத்தட்ட இதேதான், ராத்திரி வீட்டில் தூங்கலாம் என்றார். அவருக்குப் பதில் வந்த பையன் ஜாய்ஸ்டிக்கில் அவரைவிட வேகம். இரண்டாம் பயணத்தில் காம்பன்சேட்டர் மணி அடித்த பிறகுதான் கசிவைக் கவனித்தோம். வண்டி மேலே வந்தபோது எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தது. டவுன்டைம்: 31 மணி. அந்த எண் மட்டும் எல்லா அறிக்கையிலும் ஏறியது.

2023

கடலடி வேலை திரும்ப வந்தது. கப்பல்களுக்குத் தட்டுப்பாடு, ஆட்களுக்கு அதைவிடத் தட்டுப்பாடு. 2020-ன் பெருந்தொற்றில் இன்னொரு கூட்டம் தொழிலை விட்டே போயிருந்தது. நிறுவனம் பழைய ஆட்களைத் தேடச் சொன்னது. 20 சதவீத உயர்வு என்று சொல்லச் சொன்னார்கள்.

மெக்கானிக்கை அழைத்தேன். 20 சதவீதம் என்றதும் மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அவரே கணக்குப் போட்டுச் சொன்னார்: 76.5-ல் 20 சதவீதம் ஏற்றினால் 91.8. இன்னும் 2014-ஐத் தொடவில்லை. கூலி டாலரில், அமெரிக்க நுகர்வோர் விலைக் குறியீடு 2014-லிருந்து 2023-க்குள் ஏறத்தாழ 29 சதவீதம் ஏறியிருந்தது. அதையும் கழித்தால் பழைய 100-க்கு இன்றைய 71. "இதற்குப் பெயர் உயர்வா?" என்று கேட்டார். கோபமில்லை; ஒரு மீட்டரைப் படிப்பது போன்ற குரல்.

சரி, பேசிப் பார்க்கிறேன், 100 வரைக்கும் கேட்கலாம் என்றேன்.

"கூலி இருக்கட்டும். ஷிப்டுக்கு எத்தனை பேர்?"

இரண்டு என்றேன். அந்தப் பட்டியலில் கையெழுத்துப் போட்டது யார் என்று அவருக்குத் தெரியுமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கிரேன் பக்கம் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.